கொடுத்தவர் மனசை விடுங்கள், கொடுத்ததைப் பாருங்கள்

லால்குடியிலிருந்து கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டிப் போனால் திருவெறும்பூர் பக்கம் பாப்பாக்குறிச்சி என்று ஓர் ஊர் இருக்கிறது. 1982 ஜூலை 1 அன்று முதல்வர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது அந்த ஊரில்தான். பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து அவர் சாப்பிடும் படங்கள் தமிழ்நாடு முழுக்கப் பரவின. "ஓட்டுக்காகச் செய்கிறார், சினிமாக்காரருக்கு விளம்பரம் சொல்லித்தர வேண்டுமா" என்று எதிர்த்தரப்பில் பேசினார்கள். கஜானா தாங்காது என்று அதிகாரிகள் மட்டத்திலும் முணுமுணுப்பு இருந்தது.

விளம்பரம் இருந்தது உண்மை. ஓட்டுக் கணக்கும் இருந்திருக்கலாம். ஆனால் திட்டம் நின்றுவிடவில்லை. அதே ஆண்டு நகரங்களுக்குப் போனது. 1984-ல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு விரிந்தது. ஆட்சி மாறிய பிறகும் தொடர்ந்தது, 1989-ல் முட்டையும் சேர்ந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், நாட்டின் எல்லா மாநிலங்களும் அரசு தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிள்ளைகளின் உரிமையாகவே எழுதி வைத்தது. பாப்பாக்குறிச்சியில் ஒரு நடிகர் கையால் பரிமாறப்பட்ட சோறு, இன்றைக்கு யார் தயவும் இல்லாமல் கேட்டு வாங்கக்கூடிய சோறு.

பிரபலங்கள் உதவி செய்யும்போதெல்லாம் ஒரு சண்டை வருகிறது. "விளம்பரத்துக்காகச் செய்கிறார்" என்று ஒரு பக்கம். "எதற்காகச் செய்தால் என்ன, நாலு பேருக்குச் சோறு கிடைக்கிறதே" என்று மறுபக்கம். டீக்கடையிலும் கல்லூரி விடுதியிலும் இந்த இரண்டு கட்சிதான். இரண்டு கட்சியும் பேசுவது கொடுப்பவரைப் பற்றி. வாங்குகிறவர் பக்கத்திலிருந்து யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் வாங்குகிற இடத்திலேயே நிறுத்தப்பட்டவர்கள் நாம். ஆகவே நம் பக்கத்திலிருந்து ஒருமுறை பார்ப்போம்.

முதலில் ஒன்று. நாலு பேர் பார்க்கக் கொடுப்பது கேமரா வந்த பிறகு வந்த பழக்கமில்லை. இந்தக் காவிரிப் படுகையில் பண்ணையாள் முறை இருந்த காலத்தில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஆண்டை வீட்டு வாசலில் வேட்டியும் புடவையும் கொடுப்பார்கள். வாங்குகிறவர் துண்டை இடுப்பில் கட்டிக் கும்பிட்டு வாங்க வேண்டும். ஊரே பார்க்கும். பார்க்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கொடுக்கிறவர் மேலே, வாங்குகிறவர் கீழே என்பதை வருஷத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு நினைவுபடுத்துகிற சடங்கு அது.

அந்த வேட்டியை இனாமாகக் கொடுத்தவர்களில் பலர், நியாயமான கூலியைக் கேட்டபோது கொடுக்க மறுத்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டதற்குப் பின்னணி, நெல் கூலியைக் கூட்டிக் கேட்டதும் சங்கம் வைத்ததும்தான். இனாமாகக் கையேந்தியிருந்தால் ஒரு மரக்கால் நெல் கிடைத்திருக்கும். உரிமையாகக் கேட்டதால் நெருப்பு வந்தது. தானத்துக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சம்பவம் தமிழ்நாட்டு வரலாற்றில் இல்லை.

இதனால்தான் "நல்ல மனசோடு கொடுக்கிறாரா" என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை. பண்ணையார்களிலும் நல்ல மனசுக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் மனசு நல்லதாக இருந்ததால் தெரு மாறிவிடவில்லை.

அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இதற்குப் பாடம் இருக்கிறது. 1913-ல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில்தான் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். படித்துவிட்டுப் பத்து ஆண்டு சமஸ்தானத்தில் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். மன்னருக்குச் சீர்திருத்தவாதி என்ற பெயர் மீது ஆசை இருந்திருந்தாலும் இருக்கட்டும். அந்தப் பணம் இல்லாவிட்டால் அந்தப் படிப்பு இல்லை. ஆனால் 1917-ல் ஒப்பந்தப்படி வேலைக்குப் போனவருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் சாதியை மறைத்துத் தங்கியவரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். மன்னரின் பணத்தால் பட்டம் வாங்கித் தர முடிந்தது, வாடகைக்கு ஓர் அறை வாங்கித் தர முடியவில்லை.

அந்த அனுபவம் கொண்டவர்தான் 1932 நவம்பரில், பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு காந்தியார் தொடங்கிய தீண்டாமை எதிர்ப்பு அமைப்பின் செயலாளர் தக்கருக்கு ஒரு கடிதம் எழுதினார். பின்னாளில் ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் பெற்ற அமைப்பு அது. பெரும் தொழிலதிபர் பிர்லா அதன் தலைவர். தனி ஆட்களுக்குச் சில சலுகைகள் செய்வதோடு நிற்காதீர்கள், பொதுக் கிணறு, பள்ளி, பொதுப் பாதை ஆகியவற்றில் எங்களுக்குள்ள உரிமைக்காகக் கிராமம் கிராமமாகப் போராடுங்கள் என்பது அம்பேத்கர் சொன்னதன் சாரம். அந்த வேலையை எங்கள் மக்களிடமிருந்தே வந்தவர்கள் கையில் கொடுங்கள், அவர்களுக்குத்தான் அதில் உண்மையான பற்று இருக்கும் என்றும் கேட்டார். கொடுப்பவரின் நோக்கத்தை அவர் அளந்த விதம் இதுதான். என்ன செய்கிறீர்கள், யாரிடம் பொறுப்பைத் தருகிறீர்கள் என்று பார்த்தார்.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் காலத்துக்கு வருவோம்.

2021 நவம்பர் 1 அன்று நடிகர் சூர்யா, பழங்குடி இருளர் மாணவர்களின் கல்விக்காக அவர்களுடைய அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் காசோலையை முதல்வர் முன்னிலையில் வழங்கினார். ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவும் உடன் இருந்தார். அடுத்த நாளே 'ஜெய் பீம்' வெளியானது. படத்துக்கு விளம்பரம் என்று சொன்னவர்கள் உண்டு. தேதியைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பணம் போன இடத்தைப் பாருங்கள். நாலு குடும்பத்தை மேடையில் ஏற்றிக் கவர் கொடுத்து அனுப்பவில்லை. அந்த மக்களுக்காக ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்த அமைப்பிடம், படிப்புக்கென்று போனது. பிறகு படத்தின் ஒரு காட்சிக்கு எதிர்ப்புக் கிளம்பி அவர் வீட்டுக்குப் போலீஸ் பாதுகாப்புப் போடும் அளவுக்குப் போனபோது, அதே விளம்பரம் அவருக்கு எதிராகவே திரும்பியது. விளம்பரம் லாபமாக இருக்கும்வரை எல்லோரும் நிற்பார்கள். அது செலவாகும்போது யார் நிற்கிறார் என்பதும் ஒரு கணக்கு.

படத்துக்குக் கிடைத்த வெளிச்சம் இன்னொன்றையும் செய்தது. சாதிச் சான்றிதழ் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிக்கு வெளியே நிற்கும் இருளர், குறவர் குடும்பங்களின் நிலை வீட்டு வரவேற்பறைகளில் பேச்சானது. 2021 தீபாவளி அன்று முதல்வர் மாமல்லபுரம் அருகே பூஞ்சேரிக்குப் போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். அதற்குக் காரணம், கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து விரட்டப்பட்ட ஒரு நரிக்குறவர் பெண் நியாயம் கேட்டுப் பேசிய செல்போன் வீடியோ. கேமரா கொடுப்பவர் கையில் இருந்தால் விளம்பரம். கேட்பவர் கையில் இருந்தால் அது சாட்சி.

அடுத்து, 2023 ஜூன் 17 அன்று சென்னை நீலாங்கரையில் நடிகர் விஜய் 234 தொகுதிகளிலும் முதல் மூன்று இடம் பிடித்த மாணவர்களுக்குப் பரிசு கொடுத்தார். அம்பேத்கரையும் பெரியாரையும் காமராசரையும் படிக்கச் சொன்னார். அரசியலுக்கு முன்னோட்டம் என்று அன்றே பேசினார்கள். 2024 பிப்ரவரி 2 அன்று கட்சி அறிவித்தார். ஆக, நோக்கம் ஓரளவு வெளிப்படையாகவே இருந்தது. அதனால் அந்தப் பிள்ளைகள் வாங்கிய மதிப்பெண் பொய்யாகிவிடாது.

என் கேள்வி வேறு. தொகுதிக்கு மூன்று பேர் என்று மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுத்தால், காலையில் நாற்று நடப் போய்விட்டுப் பள்ளிக்கு வந்து 380 வாங்கிய பிள்ளை எங்கே போவது? சூர்யாவின் அகரம் 2010-ல் தொடங்கிய விதைத் திட்டத்தில் வீட்டுக்கே போய்க் குடும்ப நிலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்துக் கல்லூரியில் சேர்க்கிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற பிள்ளைக்கு ஒருநாள் மேடையைவிட மூன்று ஆண்டுக் கட்டணம் பெரிது. இருவர் மனசிலும் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. திட்டங்களின் வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே நம் இளைஞர்களிடம் ஒன்று பேச வேண்டியிருக்கிறது. பிரபலங்களின் பிறந்தநாளுக்கு நோட்டுப் புத்தகமும் அரிசிப் பையும் கொடுப்பது பெரும்பாலும் ரசிகர் மன்றங்கள்தான். பேனர் கட்டுவதும், வேனுக்கு வாடகை கொடுப்பதும், வசூல் போடுவதும் நம் தெருப் பையன்கள். கட்டட வேலை, பெயின்ட் வேலை, கூரியர் வேலை பார்த்த சம்பளத்திலிருந்து போகிற காசு அது. நம் காசில், நம் உழைப்பில், நம் தெருப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிட்டுப் புகழை மட்டும் சென்னைக்கு அனுப்பி வைக்கிறோம். உதவி செய்யுங்கள். ஆனால் அது உங்கள் உதவி என்பதை மறக்காதீர்கள். அந்தக் காசில் தெருவில் ஒரு இரவுப் பாடசாலையோ படிப்பகமோ நடத்தி அதற்கு உங்கள் தெருவின் பெயரையே வைக்கலாம்.

அப்படியானால் விளம்பரம் ஒரு பொருட்டே இல்லையா? ஓர் இடத்தில் பொருட்டுதான். வாங்குகிறவர் முகம் அதற்கு விலையாகும் இடத்தில். செருப்பு இல்லாத காலையும் கிழிந்த சட்டையையும் படம் பிடித்துப் போட்டுத்தான் உதவி செய்ய முடியும் என்றால், அது உதவிக்கு வைத்த கட்டணம். அந்தப் படம் செல்போனில் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பிள்ளை கல்லூரிக்குப் போன பிறகும், வேலைக்குப் போன பிறகும், "அந்த இலவசம் வாங்கின பிள்ளை" என்று யாராவது சொல்ல ஒரு சாட்சி மிச்சமிருக்கும். "கொடுப்பதை மேடையில் அறிவித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகள் முகம் வேண்டாம்" என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. தலைமை ஆசிரியர்கள் இதைச் சொல்ல வேண்டும். பெற்றோரும் சொல்லலாம். அப்படிச் சொன்ன பிறகும் கொடுக்கிறவர் உண்மையாகவே கொடுக்க வந்தவர். முகம் இல்லாவிட்டால் வேன் திரும்பிப் போகிறதென்றால், அவர் வந்த காரணத்தை நாம் ஊகிக்கவே வேண்டாம்.

இதோடு ஒரு எச்சரிக்கை. பெரிய நன்கொடை வரும் நேரத்தில் சட்டப்படி வர வேண்டியது மறந்துபோகும். பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பட்டியலின மாணவர்களுக்கு, பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் போடும் பணம் அது. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான நிதியை அவர்களுக்கே செலவிட வேண்டும் என்று 2024-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. இந்தப் பணத்தோடு எந்த நடிகரின் படமும் வராது. வங்கிக் கணக்கு சரியில்லை, சான்றிதழ் வரவில்லை என்று தாமதமானால் டி.வி.யும் வராது. அதனாலேயே நாம் விடாமல் கேட்க வேண்டிய பணம் அதுதான்.

உரிமையான பிறகும் வேலை முடிவதில்லை. அதே சத்துணவுத் திட்டத்தில்தான் 2018-ல் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில், பட்டியலினப் பெண் சமைக்கக்கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகளே அவரை இடம் மாற்றி உத்தரவு போட்டார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. எந்தப் பிரபலத்தின் காசோலையும் தீர்க்க முடியாத விஷயம் இது. அரிசி யாரும் கொடுக்கலாம். அந்த அரிசியை நம் வீட்டுப் பெண் சமைத்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் சாப்பிடுவதற்குச் சட்டமும் போராட்டமும் வேண்டும்.

ஆகவே அடுத்த முறை நம் தெருவுக்கு ஒரு பிரபலத்தின் பேனரோடு வேன் வரும்போது மூன்று கேள்வி போதும். நம் பிள்ளையின் முகத்தைக் கேட்கிறார்களா? இந்த உதவி ஒருநாள் கூத்தா, அடுத்த ஆண்டும் இருக்குமா? முடிவெடுக்கும் இடத்தில் நம்மவர் யாராவது இருக்கிறார்களா? பதில் சரியாக இருந்தால் தலை நிமிர்ந்து வாங்கிக்கொள்வோம், நன்றியும் சொல்வோம். பிறகு மறுநாள் காலையில், உதவித்தொகை ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்க வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஆதிதிராவிடர் நலத்துறைக்கும் மனுவோடு போவோம்.