உம்மாவின் பயணமும் ஒரு பள்ளத்தாக்கின் கணக்கும்

கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் துணிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், போன வாரம் தேநீர் குடிக்கும்போது மெல்லக் கேட்டார்.

"அண்ணே, உம்மாவுக்கு எழுபது ஆச்சு. தாபோங் ஹாஜியில பேரு பதிஞ்சு எத்தனையோ வருஷம், இன்னும் கூப்பிடல. ஒரு ஏஜெண்டு, சுற்றுப்பயண விசாவுல கூட்டிட்டுப் போய் ஹஜ்ஜை முடிச்சுத் தர்றேங்கிறான். எப்படியாவது உள்ள போயிட்டா யாரு கேக்கப் போறா?"

மார்க்க விஷயத்தில் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. வாராவாரம் இந்தப் பகுதியில் ஊர்களையும் வரைபடங்களையும் பற்றிப் பேசுகிறவன் என்பதால், வரைபடத்தை வைத்தே பதில் சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மக்காவும் மதினாவும் அருகருகே உள்ள ஊர்கள் என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். சவூதி அரேபியாவின் 13 மாநிலங்களில் மக்கா ஒன்று, மதினா வேறொன்று. இரண்டு நகரங்களையும் ஜித்தா வழியாக இணைக்கும் அதிவேக ரயில் பாதை 2018ல் திறக்கப்பட்டது. அதன் நீளம் சுமார் 450 கிலோமீட்டர். ஏறக்குறைய கோலாலம்பூரிலிருந்து அலோர்ஸ்டார் போகிற தூரம்.

மக்கா மாநிலத்தில் புனித நகரம் மட்டும் இல்லை. செங்கடல் ஓரத்தில் வெப்பமான சமவெளி, அங்கே ஜித்தா துறைமுகம். கிழக்கே மலைத்தொடர், அதன் உச்சியில் குளிர்ச்சியான தாயிஃப். நமக்குக் கேமரன்மலை போல அவர்களுக்குத் தாயிஃப். இரண்டுக்கும் நடுவில், மொட்டைப் பாறைக் குன்றுகள் சூழ்ந்த குறுகிய பள்ளத்தாக்கில் மக்கா நகரம். ஆறு இல்லை, பயிர் இல்லை. மழை அபூர்வம். பெய்தால் குன்றுகளில் வழியும் நீர் எல்லாம் பள்ளத்தில்தான் இறங்கும். 1630 வாக்கில் வந்த வெள்ளத்தில் காபாவின் சுவர்களே இடிந்து, மீண்டும் கட்டப்பட்டன. 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவைப் பார்த்த நமக்கு, பள்ளத்தில் இருக்கும் ஊரின் கஷ்டத்தை விளக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூருக்குக் கிள்ளான் துறைமுகம் எப்படியோ, மக்காவுக்கு ஜித்தா அப்படி. கலீஃபா உஸ்மான் காலத்திலேயே, கி.பி. 647ல், அது மக்காவின் துறைமுகமானது. இங்கிருந்து சென்றவர்களும் அங்கேதான் இறங்கினார்கள். நம் துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் இருந்த காலத்தில் யாத்ரீகர்களை ஏற்றிய கப்பல்கள் இங்கிருந்தும் பினாங்கிலிருந்தும் புறப்பட்டன. அந்தக் காலத்திலும் ஆளை ஏற்றிவிட்டுக் கைகழுவியவர்கள் உண்டு. 1880ல் பினாங்கைத் தொட்டுப் புறப்பட்ட 'ஜித்தா' என்ற கப்பலில் ஏறக்குறைய 950 யாத்ரீகர்கள் இருந்தார்கள். நடுக்கடலில் கப்பலுக்குள் தண்ணீர் புகுந்ததும், தலைவரும் அதிகாரிகளும் பயணிகளை விட்டுவிட்டுப் படகேறித் தப்பினார்கள். கப்பல் மூழ்கவில்லை. வேறொரு கப்பல் அதை ஏடன் துறைமுகத்துக்கு இழுத்து வந்தது.

இனி நிர்வாகம். மக்கா பல நூற்றாண்டுகள் ஷரீஃப்களின் பொறுப்பில் இருந்தது. 1517 முதல் அவர்களுக்கு மேலே துருக்கி சுல்தான் இருந்தார். 1924ல் மக்காவும் 1925ல் ஜித்தாவும் இப்னு சவூதின் கைக்கு வந்தன. 1992ல் வந்த மாநிலச் சட்டத்தின்படி, மன்னர் நியமிக்கும் அமீர் ஒருவர் ஒவ்வொரு மாநிலத்தையும் நிர்வகிக்கிறார். மாநிலத்தில் பெரிய நகரம் ஜித்தா என்றாலும், தலைநகரம் மக்காதான்.

இந்த நிர்வாகத்தின் முன்னால் இருக்கும் கணக்கு எளிமையானது, கொடுமையானது. ஹஜ்ஜின் முக்கியக் கடமை அரஃபாத் வெளியில் ஒரே ஒரு நாள். அரஃபாத், மக்காவிலிருந்து 20 கிலோமீட்டர். இடையில் மினாவும் முஸ்தலிஃபாவும். 2024ல் அங்கே கூடியவர்கள் 18 லட்சம் பேருக்கு மேல். இடத்தை நீட்ட முடியாது, நாளைத் தள்ள முடியாது. ஆகவே வருகிற ஆளைத்தான் எண்ண வேண்டும். ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒருவர் என்ற ஒதுக்கீட்டு விதி அப்படித்தான் 1980களின் பிற்பகுதியில் வந்தது. அண்மை ஆண்டுகளில் மலேசியாவுக்குக் கிடைப்பது 31,600 இடங்கள். இன்று புதிதாகப் பெயர் பதிகிறவரின் முறை வர நூறாண்டுக்கு மேலாகும் என்கிற நிலை.

அந்தப் பெர்மிட் என்பது வெறும் காகிதம் இல்லை. மினாவில் 1997ல் ஏற்பட்ட தீயில் 343 பேர் இறந்த பிறகு, தீப்பிடிக்காத கூடாரங்கள் அமைக்கப்பட்டன. அந்தக் கூடாரத்தில் படுக்கை, குளிர்சாதனம், பேருந்தில் இருக்கை, மருத்துவர் எல்லாமே பெர்மிட்டோடு சேர்ந்தவை. 2017ல் 'மக்கா வழி' என்ற திட்டம் முதன்முதலில் மலேசியாவில்தான் தொடங்கியது. தாபோங் ஹாஜி யாத்ரீகர்களுக்குச் சவூதி குடிநுழைவுச் சோதனை கேஎல்ஐஏவிலேயே முடிந்துவிடும்.

பெர்மிட் இல்லாதவருக்கு இவை எதுவும் இல்லை. சோதனைச் சாவடிகளைத் தவிர்க்கக் குறுக்கு வழியில் நடக்க வேண்டும், வெட்டவெளியில் படுக்க வேண்டும். 2024 ஜூனில் பெரிய பள்ளிவாசலில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. அந்த ஹஜ்ஜில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் பெர்மிட் இல்லாமல் வந்தவர்கள், நிழலும் ஓய்வும் இல்லாமல் வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். 2025 ஹஜ்ஜுக்கு விதி இன்னும் கடுமையானது. பெர்மிட் இல்லாமல் ஹஜ் செய்ய முயல்கிறவருக்கு 20,000 ரியால் வரை அபராதம். வருகை விசாவில் வந்தவர், ஹஜ் காலத்தில் மக்காவுக்குள் நுழையவே கூடாது.

"யாரு கேக்கப் போறா" என்ற நண்பரின் கேள்விக்கு இதுதான் பதில். சாவடியில் அதிகாரி கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் வெயில் கேட்கும்.

தாபோங் ஹாஜி உருவானதே இப்படிப்பட்ட உம்மாக்களுக்காகத்தான். ஹஜ்ஜுக்காக நிலத்தையும் மாட்டையும் விற்றுப் போன கிராமத்து மக்கள், திரும்பி வந்து வறுமையில் விழுந்ததைப் பார்த்துத்தான் பேராசிரியர் உங்கு அசிஸ் 1959ல் சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். 1963ல் அது நடைமுறைக்கு வந்தது. அது சேர்த்து வைப்பது பணத்தை மட்டும் இல்லை, பத்திரமாகப் போய்த் திரும்பும் வழியையும்தான்.

நண்பரிடம் சொன்னேன்: "பாய், தாபோங் ஹாஜியில மேல்முறையீடு செய்ய இடமிருக்கு. உம்மாவோட வயசைச் சொல்லி எழுதிப் போடுங்க. அதுவரைக்கும் வெயில் குறைஞ்ச மாசமாப் பார்த்து உம்ராவுக்குக் கூட்டிட்டுப் போங்க."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "வசதியும் வழியும் உள்ளவங்களுக்குத்தான் ஹஜ் கடமைன்னு எங்க ஹஜ்ரத்தும் சொல்வாங்க அண்ணே. வசதியை மட்டும்தான் நான் யோசிச்சேன். வழியை யோசிக்கல."