எண் சொன்ன சாட்சி

நிபுணர் ஒருவர் சாட்சிக் கூண்டிலேறி ஓர் எண்ணைச் சொல்லிவிட்டால், பிறகு நீதிபதி எவ்வளவு எச்சரித்தாலும் அந்த எண் ஜூரிகளின் மனத்தை விட்டு இறங்குவதில்லை. இங்கிலாந்தில் நடந்த ஸாலி கிளார்க் வழக்கைப் படித்தபின் நமக்கு இதில் சந்தேகமில்லை.

ஸ்ரீமதி கிளார்க் ஒரு வக்கீல். அவருடைய முதல் ஆண் குழந்தை 1996 டிஸம்பரிலும், இரண்டாவது 1998 ஜனவரியிலும், மூன்று மாதம் நிரம்பு முன்பே இறந்தன. தாயே கொன்றாளென்று 1999-ல் செஸ்டர் நகரில் விசாரணை நடந்தது. குழந்தை வைத்திய நிபுணர் ஸர் ராய் மெடோ சாட்சி சொன்னார்: இத்தகைய குடும்பத்தில் ஒரு சிசு காரணம் விளங்காமல் திடீரென்று இறப்பது 8,543-ல் ஒன்று; இரண்டு சிசுக்கள் இறப்பது, அதை அதனாலேயே பெருக்க, ஏறக்குறைய 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று!

பெருக்கலில் பிழையில்லை, பெருக்கியதுதான் பிழை. ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகளுக்கே அக்கணக்குச் செல்லும். அண்ணனுக்கு அம்மை வார்த்த வீட்டில் தம்பிக்கும் வார்த்தால், அதைத் தனி அதிசயமென்று எந்தப் பாட்டியும் எண்ணமாட்டாள். ஒரே ரத்தம், ஒரே வீடு! மேலும், தாய் தன் இரு சிசுக்களையும் கொல்வதும் அபூர்வந்தானே? இரண்டு அபூர்வங்களில் எது அதிக அபூர்வம் என்பதல்லவா கேள்வி? அதை யாரும் ஜூரிகளின் முன் தெளிவாக வைக்கவில்லை.

புள்ளி விவரத்தைக் கொண்டு இந்தக் கோர்ட்டுகளில் எவரையும் தண்டிப்பதில்லை என்று நீதிபதி ஜூரிகளுக்கு எடுத்துச் சொல்லத்தான் செய்தார். ஆனால் அந்த எண்ணில் என்ன கோளாறு என்பதை விளக்காமல் வெறுமே எச்சரிப்பதால் என்ன பயன்? ஜூரிகளில் பத்துப் பேர் குற்றவாளி என்றனர், இருவர் இசையவில்லை. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

2000-ல் முதல் அப்பீல். எண்ணில் குறையிருந்தாலும் மற்றச் சாட்சியம் பலமானது என்று கூறி நீதிபதிகள் அதைத் தள்ளிவிட்டார்கள். மறு வருஷம் ராயல் புள்ளியியல் சங்கம் அந்தக் கணக்குக்கு ஆதாரமில்லையென்று பகிரங்கமாகக் கண்டித்தது. ஆயினும் சிறைக் கதவைத் திறந்தது கணிதமன்று. இரண்டாவது சிசுவின் உடலில் நோய்க் கிருமிகள் காணப்பட்டதாகக் கூறும் பரிசோதனை முடிவுகளைப் பிரேத பரிசோதனை செய்த வைத்தியர் வெளியிடாமலே வைத்திருந்தார். அவை வெளிவந்த பிறகு, 2003 ஜனவரியில் இரண்டாவது அப்பீலில் தண்டனை ரத்தாயிற்று. அந்த எண்ணைப் பற்றி முழுமையாக வாதித்திருந்தால் அது ஒன்றே அப்பீலுக்குப் போதுமானதாக இருந்திருக்கக் கூடும் என்றும் அப்போது நீதிபதிகள் எழுதினார்கள்.

அதற்குள் மூன்று வருஷத்துக்கு மேல் அவர் சிறையில் கழித்துவிட்டார். 2007-ல் காலமானபோது அவருக்கு வயது 42.