ஒளியைக் கவர்வோர் கடன்

தோன்றிய காலத்தில் அரியனவாயிருந்த கலைகள் நாளடைவில் எளியனவாதல் உலகியல்பு. அங்ஙனம் எளிதாய கலைகளுள் நிழற்படக்கலையும் ஒன்று. பிரான்சு தேசத்து நியேப்சு என்பார் தம் இல்லத்துச் சாளரத்தினூடே கண்ட காட்சியை 1826 அல்லது 1827-ஆம் ஆண்டில் உலோகத் தகடொன்றிற் பதித்தபோது, அத்தகடு நெடும்பொழுது வெளிச்சத்தை நோக்கிக் கிடக்க வேண்டியதாயிற்று. 1839-ஆம் ஆண்டிலே தாகேர் என்பாரது முறை உலகினர்க்கு வெளியிடப்பட்டது. 1888-ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் என்னும் அமெரிக்கர் கொடக் பெட்டியை விற்கத் தொடங்கினார். 1900-ஆம் ஆண்டில் ஒரு டொலர் விலையிற் பிரவுனிப் பெட்டி வந்தது. அன்றுதொட்டுச் சிறுவரும் படமெடுப்பாராயினர். இன்றோ, நமது கல்லூரி மாணவர் பலரது சட்டைப்பையிலேயே கைத்தொலைபேசி வடிவில் ஒரு கமரா உறங்குகின்றது. கலை எளிதாயிற்றென்று மகிழ்கின்றோம். ஆயினும், கலை எளிதாகுந்தோறும் அதனைக் கையாள்வோர் கடமையும் எளிதாகிவிடும் என்று எண்ணுதல் பிழையாம்.

படமெடுப்போர் இருதிறத்தர். பொருளின்பொருட்டு எடுப்போர் ஒருசாரார். விருப்பின்பொருட்டு எடுப்போர் மற்றொருசாரார். முன்னையோரைக் குறித்து யாம் ஈண்டு எழுதப் புகுந்திலேம். திருமண வீட்டிற் படமெடுத்தவர் படங்களைக் கொடாது காலந்தாழ்ப்பாராயின், பெண்ணின் தந்தையார் அவர் கடைவாயிலிற் சென்று நின்று கேட்பார். கேட்பார் உண்மையின் அவர் தம் கடனைத் தவறார். விடுமுறை நாட்களில் ஊர்கள் தோறுஞ் சென்று, கோயில் விழாவையும் கூத்தையும் கடற்கரையையும் வயலையும் தம் மகிழ்ச்சிக்காகவே படமெடுக்கும் நம்மனோரைக் கேட்பார் யாவர்? ஒருவருமிலர். கேட்பாரில்லாதவிடத்துத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளுதல் கற்றோர்க்கு அழகு. அங்ஙனம் கேட்டுக்கொள்ள வேண்டியவை யாவை என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விருப்பினாற் படமெடுத்தாருள் நமது இலங்கை நாட்டவர் ஒருவரை முதற்கண் நினைவுகூர்தல் தகும். அவர் இலயனல் வெண்ட் என்பார். 1900-ஆம் ஆண்டு கொழும்பிற் பிறந்து, இங்கிலாந்து சென்று சட்டங் கற்றவர். அங்கேயே பியானோ இசையையும் முறையாகப் பயின்றவர். 1924-ஆம் ஆண்டில் தாயகம் மீண்டபின் சட்டத்தொழிலில் அவர் உள்ளம் நிலைக்கவில்லை. இசையும் நிழற்படமுமே அதனை ஆட்கொண்டன. கண்டிய நடனத்தாரையும், கடற்றொழிலாளரையும், பழைய சிற்பங்களையும், தென்னஞ்சோலையினூடே விழும் வெயிலையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் பார்ப்போரை நிறுத்திவைக்கும் ஆற்றலுடையன. பசில் ரைற் என்பார் ஆக்கி 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சோங் ஒவ் சிலோன்' என்னும் திரைப்படத்துக்குத் துணைநின்றவரும், அதன்கண் 17-ஆம் நூற்றாண்டிற் கண்டி அரசிற் சிறையிருந்த உறொபேட் நொக்ஸ் எழுதிய பகுதிகளைத் தம் குரலாற் படித்தவரும் அவரே. 1943-ஆம் ஆண்டில் ஓவியர் சிலர் கொழும்பிற் கூடி '43 குழு' என்னும் அமைப்பை நிறுவியபோது முன்னின்றவரும் அவரே. மறு ஆண்டிலே, தமது 44-ஆம் வயதிற் காலமானார்.

இசைவல்லார் ஒருவர் படமெடுத்தமையால் விளைந்த நன்மை யாது? இசையிற் பயின்றோர் காத்திருக்கக் கற்றோராவர். தாளத்தில் அடிக்கும் இடமும் உண்டு. அடியாது விடும் இடமும் உண்டு. விடும் இடத்தை அறியாதவன் அடிக்கும் இடத்தையும் கெடுப்பான். நிழற்படத்திலோ ஒளி அடியாகும், நிழல் விடுகையாகும். வெண்டின் படங்களிற் கருமை வறிதே கிடப்பதன்று. ஒளியைத் தாங்கி நிற்கின்றது. அதனை அவர்க்குக் கற்பித்தது கமரா மட்டுமன்று, பியானோவும் என்றே யாம் கருதுகின்றோம்.

யாழ்ப்பாணத்து வெயிலில் இவ்வுண்மையை எவரும் சோதித்தறியலாம். நண்பகலில் ஒருவரை முற்றத்தில் நிறுத்திப் படமெடுத்துப் பாருங்கள். ஞாயிறு உச்சியில் நிற்றலின், புருவத்தின் நிழல் கண்களிரண்டையும் குழிகளாக்கிவிடும். முற்றத்து மணல் வெறும் வெள்ளையாய்ப் போகும். நமது கண் வெளிச்சத்தையும் இருளையும் ஒருங்கே காணவல்லது. கமராவின் கண்ணுக்கு அத்துணை ஆற்றல் இல்லை. அவரையே தலைவாசல் நிழலில் அமர்த்தி, முற்றத்து மணலினின்று எறிக்கும் வெளிச்சம் முகத்திற் படுமாறு செய்யின், நரையும் திரையும் நகையும் யாவும் நன்கு விளங்கும். புலர்காலையிற் பண்ணைக் கடலோரத்தில் நின்றால், வீச்சுவலை காற்றில் விரியும் கணத்தில் அதன் ஒவ்வொரு நூலும் பொன்னிழையாய்த் தோன்றும். ஞாயிறு மேலேறியபின் அதே வலை வெறும் நூலாய்விடும். ஆகலின், ஒளியைக் கவர்வோர்க்கு முதற்கடன் காத்திருத்தலாம்.

இசை நிகழுமிடத்தில் இக்கடன் இன்னும் பெரிது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) போன்றோரால் யாழ்ப்பாணத்து ஆலய வீதிகள் அடைந்த சிறப்பைத் தமிழுலகம் அறியும். அத்தகைய வீதியொன்றில், இரவுத் திருவிழாவில், யாம் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுவோம். நாதசுவர வித்துவான் இராகத்தை விரித்துச் சென்று, ஒரு சுரத்தில் நிலைத்து நின்றார். கூட்டம் மூச்சடங்கி நின்றது. அவ்வேளை எதிரே நின்ற இளைஞர் நால்வர் மின்னொளி பாய்ச்சிப் படமெடுத்தனர். வித்துவான் கண்களை இறுக மூடிக்கொண்டார். சுரம் ஒரு கணம் நடுங்கிற்று. இளைஞர் படத்தைப் பெற்றனர். கூட்டத்தார் சுரத்தை இழந்தனர்.

படம் ஓசையை ஏந்தவல்லதன்று. ஆயினும் ஓசை பிறக்குமிடத்தைக் காட்டவல்லது. தவிற்காரரின் வலக்கை விரல்களிற் செறித்த கூடுகளும், இடக்கையிற் பற்றிய கழியும், வியர்வை ஒழுகும் தோளும், அருகிருந்து தாளம் போடும் சிறுவனின் இமையாத விழியும் ஓசையில்லாமலே இசை பேசுவன. அவற்றைப் பெறவேண்டுமாயின், முதலிற் கமராவைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வாசிப்பைக் கேட்டல் வேண்டும். எவ்விடத்திற் கை உயரும், எவ்விடத்தில் தீர்மானம் வந்து விழும் என்பவற்றைச் செவி அறிந்த பின்னரே கண் அறியும். இன்றைய கமராக்கள் விளக்கொளியிலும் படம் பிடிக்கவல்ல நுண்மை வாய்ந்தன. மின்னொளி பாய்ச்சுதல் வேண்டுவதன்று.

காத்திருத்தலினும் பெரிய கடன் ஒன்றுண்டு. அதனை யாம் அறிந்தது எமது பிழையினாலேயாம். ஆதலின் மறையாது எழுதுகின்றோம். சில ஆண்டுகளுக்குமுன் யாமும் நண்பர் சிலரும் குறிகட்டுவான் துறையிற் படகேறி நெடுந்தீவுக்குச் சென்றோம். அத்தீவில் வேலிகள் முருகைக் கற்களால் அடுக்கப்பட்டவை. மாலை வெயில் அக்கற்களின் இடுக்குகளினூடே புகுந்து நிலத்திற் கோலமிடும். அத்தகைய வேலியோரத்தில் மூதாட்டியார் ஒருவர் பனையோலைப் பெட்டி இழைத்துக்கொண்டிருந்தார். படமெடுக்கலாமோ என்று கேட்டோம். "எடுங்கோ தம்பி, எனக்கும் ஒண்டு அனுப்பிவையுங்கோ" என்றார். அனுப்புவோம் என்றோம்.

படம் நன்றாய் அமைந்தது. கண்டோர் யாவரும் புகழ்ந்தனர். இன்றனுப்புவோம், நாளையனுப்புவோம் என்றிருக்க ஓராண்டு கழிந்தது. மறுமுறை அத்தீவுக்குச் சென்றபோது படத்தையும் உடன்கொண்டு சென்றோம். வேலி இருந்தது, மூதாட்டியார் இலர். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அச்சிட்ட கல்வெட்டை அவர் மகளார் எடுத்துக் காட்டினார். வேறு படம் கிடையாமையால், அடையாள அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெருப்பித்து அதிற் சேர்த்திருந்தனர். அதனை முகமென்று அறியலாம். அவர் முகமென்று அறிதல் அரிது. எமது கையிலிருந்த படத்தை வாங்கி மகளார் நெடுநேரம் பார்த்தார். "இது அப்ப எங்களிட்டை இருந்திருந்தால்" என்று தொடங்கி, மேலே சொல்லாது நிறுத்திக்கொண்டார். பிறர் முகத்தைப் படமெடுத்தவன் அவர்க்குக் கடன்பட்டவன் என்பதை அன்றுதொட்டு யாம் ஐயுற்றதில்லை.

முகத்தோடு பெயரையும் காத்தல் அடுத்த கடனாம். யூலியா மார்கரெட் கமெரூன் அம்மையார் 1863-ஆம் ஆண்டில், தமது 48-ஆம் வயதில், மகளார் அளித்த கமராவைக்கொண்டு படமெடுக்கத் தொடங்கிப் பெரும்புகழ் பெற்றவர். 1875-ஆம் ஆண்டிற் கணவரோடு இலங்கைக்கு வந்து, 1879-ஆம் ஆண்டில் இங்கேயே காலமானார். அவர் இங்கிலாந்தில் எடுத்த எர்செல் என்னும் வானூலறிஞர் படமும், டெனிசன் என்னும் புலவர் படமும், தார்வின் என்னும் உயிர்நூலறிஞர் படமும் அவரவர் பெயரோடு நிலவுகின்றன. களுத்துறையில் 1878-ஆம் ஆண்டில் அவர் எடுத்த படமொன்றோ 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்றே வழங்குகின்றது. முகங்கள் தெளிவாய் உள்ளன. நிற்கும் நிலையிலே தன்மதிப்பு விளங்குகின்றது. பெயர் மட்டும் இல்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்று அப்படத்தைக் கண்ணுறினும், இவர் எம் முன்னோர் என்று சொல்லுதற்கு வழியில்லை.

அம்மையாரைக் குறைகூறல் எமது நோக்கமன்று. அவர் காலத்து வழக்கு அது. நமது காலத்தும் அதுவே வழக்காயிருத்தல்தான் எமது குறை. 'மீனவர்' என்றும், 'பாட்டி' என்றும், 'மேளக்காரர்' என்றும் நாம் படத்துக்குத் தலைப்பிடுகின்றோம். பரிசளிப்பு விழாவுக்கு வந்த பிரதம விருந்தினரை 'ஒரு முதியவர்' என்று தலைப்பிட்டு இம்மலரில் வெளியிடுவோமோ? கைத்தொலைபேசி நாளையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்ளும். சிலவேளை இடத்தையும் குறிக்கும். எதிரே இருப்பவரிடம் பெயர் என்னவென்று அது கேளாது. கேட்பதற்கு நமது வாயே வேண்டும்.

இனி, படத்தைப் பிறர்க்குக் கொடுத்தல் அறம் மட்டுமன்று. படத்தைக் காக்கும் உபாயமும் அதுவேயாம். வெண்ட் இறந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அச்சிட்ட தாட்படங்களே அவர் பெயரை இன்றும் நிறுத்துகின்றன. இதனினும் கொடிய இழப்புக்களை யாழ்ப்பாணத்தார் அறிவர். 1981-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீயிடப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. 1995-ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் விட்டு வெளியேறியபோது, காணி உறுதியையும் மாற்றுடையையும் எடுத்துக்கொண்டோர் பலர். அல்பத்தை எடுத்துக்கொண்டோர் சிலர். மீண்டு வந்தபோது கூரையையும் காணாத வீடுகளில் அல்பத்தைக் காண்பது எங்ஙனம்? அத்தகைய வீடுகள் சிலவற்றுக்குப் பழைய முகங்கள் திரும்பி வந்தனவாயின், அது கொழும்பிலும் இலண்டனிலும் கனடாவிலும் உள்ள உறவினர்க்கு முன்னொருகால் அனுப்பிய பிரதிகள் இருந்தமையாலேயாம். பூட்டிவைத்தவை போயின, கொடுத்தவை நின்றன.

அனுமதி கேட்டாற் காட்சியின் இயல்பு கெட்டுவிடும் என்பார் சிலர். கேட்டவுடன் எடுத்தாற் கெடும். கேட்டபின் சிறிதுபொழுது அருகிருந்து பேசுக. ஓலை இழைப்பவர் மறுபடியும் இழைப்பார். வலை எறிபவர் மறுபடியும் எறிவார். நம்மை அவர் மறந்தபின் எடுக்கலாம். தேர்த்திருவிழாவில் வடம்பிடிக்கும் ஆயிரவரையும் கேட்டல் இயலுமோ என்பார் வேறு சிலர். இயலாது, வேண்டுவதுமன்று. கூட்டம் வேறு, முகம் வேறு. ஒருவர் முகத்தை நாடிக் கமராவைத் திருப்பிய கணமே அவர் கூட்டத்தினின்றும் பிரிந்து நம்மெதிரே நிற்கின்றார். கேட்கவேண்டிய கடனும் அக்கணமே பிறக்கின்றது. அழுவார் முகத்தையும் வறியோர் குழந்தை முகத்தையும் பரிசுபெறும் படங்களென்று தேடித் திரிவாரும் உளர். தம் வீட்டுத் துயரை அயலார் அவ்வாறு எடுத்துச் சென்று பரிசு பெறுவாராயின் தாம் பொறுப்போமோ என்று அவர்கள் எண்ணிப்பார்ப்பாராக.

மாணவ நண்பர்களே! பயணஞ் செய்யுங்கள், விழாக்களுக்குச் செல்லுங்கள், ஒளியைத் தேடிக் கவருங்கள். வேண்டாவென்பார்க்குக் கமராவைத் தாழ்த்துங்கள். வேண்டுமென்பார் பெயரைக் கேட்டு எழுதுங்கள். வீடு திரும்பிய வாரத்திலேயே ஒரு பிரதியை அச்சிட்டு அவர்க்கு அனுப்புங்கள். இம்மலரில் வெளிவரும் படங்களின்கீழ், ஆட்டக்காரர் பெயரோடு விடுதிச் சமையற்காரர் பெயரும் வாயிற்காவலர் பெயரும் இருத்தல் வேண்டும் என்பது எமது விருப்பம்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய படங்களை இவ்விடுமுறையில் வெளியே எடுங்கள். படத்திலிருப்போர் இன்னாரென்று சொல்லவல்ல முதியோர் அருகில் அமர்ந்து, பின்புறத்தில் மென்மையான பென்சிலாற் பெயர்களை எழுதி, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புங்கள். நெடுந்தீவுக்கு யாம் பிந்திச் சென்றோம். தாங்கள் பிந்தவேண்டா.