பீரோவுக்குள் இருக்கும் ‘மிட்டாய்’

பீரோவைத் திறந்ததும் குப்பென்று ஒரு நெடி மூக்கில் ஏறுகிறதா? அதுதான் அந்துருண்டை. பாச்சை உருண்டை என்றும் சொல்வார்கள். வேதிப்பெயர் நாப்தலீன். நிலக்கரித் தாரிலிருந்து கிடைப்பது. இதில் இருப்பவை எவை என்று 1826-ல் ஆராய்ந்து சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. ஆமாம், மின்சாரப் பாடத்தில் வருகிற அதே ஃபாரடேதான்!

தைப்பொங்கலுக்கு வைத்த உருண்டையை ஆடி மாதம் பாருங்கள், சிறுத்துப் போயிருக்கும். அது உருகித் தண்ணீராவதில்லை. திட நிலையிலிருந்து நேரே ஆவியாகிவிடுகிறது. இதற்குப் பதங்கமாதல் என்று பெயர். அந்த ஆவிதான் பூச்சியைக் கொல்கிறது. அதே ஆவியைத்தான் நாமும் மூச்சில் இழுக்கிறோம்!

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? துணியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு தேடுவது கம்பளியையும் பட்டையும்தான். எங்கள் விளாத்திகுளம் கரிசலில் விளைவது பருத்தி. பருத்திச் சட்டைக்கு உருண்டை எதற்கு? கஞ்சி போட்ட துணியை ராமபாணப் பூச்சி அரிக்கும், உண்மைதான். கஞ்சி போடாமல் துவைத்து, நன்றாகக் காயவைத்து மடித்தால் போதும். வெயிலுக்கா எங்கள் ஊரில் பஞ்சம்?

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், தேசப்பட அலமாரியிலிருந்த உருண்டையை இரண்டாம் வகுப்புப் பையன் மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுவிட்டான். நல்லவேளை, உடனே துப்பிவிட்டான். அதை அங்கே வைத்தவன் நான்தான். விழுங்கியிருந்தால்? ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரலாம். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு, உருண்டை போட்டு வைத்த துணியைச் சுற்றினாலே ஆபத்து. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-லேயே இதற்குத் தடை போட்டுவிட்டார்கள். நம் கடைகளில் இன்னும் விற்கிறது.

உங்கள் வீட்டில் தம்பிப் பாப்பா இருந்தால், அவன் துணிப்பெட்டியை இன்றே அம்மாவோடு சேர்ந்து பாருங்கள். யாராவது விழுங்கிவிட்டால் பால் கொடுக்காதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் ஓலைச்சுவடிகளுக்கு வசம்பு, மிளகு, கிராம்பு, பட்டை, கருஞ்சீரகம் இடித்த பொடியோடு கொஞ்சம் கற்பூரம் சேர்த்து முடிந்து வைப்பார்கள். நானும் என் பட்டு வேட்டிக்கு வசம்பைத்தான் துணியில் முடிந்து வைக்கிறேன். அதையும் வாயில் வைக்கக் கூடாது! என் பேரனுக்கு அந்த வாசனை பிடிக்கவில்லையாம். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பீரோவைத் திறக்கிறான்.