கணப்புக்கு முன் காற்றுவழி

வட அமெரிக்காவில், சரக்கு மோட்டாரின் முதுகில் சிறு வீட்டையேற்றி யாத்திரை செய்வோர் பலர். ‘கேம்பர்’ எனப்படும் அதனை அலாஸ்காவின் பனிக்காலத்திற்கும் ஏற்றதாக்க விழைவோர், முதற்கண் பெரிய கணப்பொன்றை வாங்குகின்றனர். இது தலைகீழான முறையென்பேன். குளிரினும் கொடும்பகை ஈரமன்றோ! உறங்குவோர் மூச்சும் சமையலின் ஆவியும் குளிர்ந்த சுவரிற்பட்டு நீராகி, மரச்சட்டங்களை மக்கச்செய்யும். புகைபோக்கியின்றி உள்ளேயே எரியும் புரோப்பேன் கணப்போ, தானும் நீராவியைக் கக்கும். உறக்கத்திலே உயிர்கவரும் கார்பன் மோனாக்சைடு வாயுவும் அதனால் எழக்கூடும். ஆதலின் சுவருக்கும் சாளரத்துக்கும் வெப்பக்காப்பு, கூரையிற் சிறிதே திறந்த காற்றுவழி, இவை அமைந்தபின்னரே கணப்பு. அதுவும் புகையை வெளியே போக்குவதாயிருத்தல் வேண்டும். (லிதியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தையும் உள்ளேயே வைத்தல் நன்று, 0 பாகை செல்சியசுக்குக் கீழ் அதற்கு மின்னேற்றுதல் கேடாம்.) அனலை விலைகொடுத்து வாங்கிக் கூரைவழியே விடுவதாவென நகைப்பாருமுளர். அன்னார் இளவேனிலில் தம் மெத்தையைத் தூக்கி அடிப்பலகையைப் பார்ப்பாராக.