கூவாகத்தின் இரவை அதன் மணப்பெண்களிடம் திருப்பிக் கொடுங்கள்

கள்ளக்குறிச்சி மாவட்டம், உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் கிராமத்தில் ஆண்டுதோறும் சித்திரையில் ஒரு கல்யாணம் நடக்கிறது. மாப்பிள்ளை கூத்தாண்டவர் என்னும் அரவான். மணப்பெண்கள், தமிழகத்தின் மூலைமுடுக்குகளிலிருந்தும் மும்பை, பெங்களூரு, கேரளம் என்று வெளியிலிருந்தும் வந்து சேரும் திருநங்கைகள். பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமும் கை நிறைய வளையலுமாக வந்து, பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, கற்பூரக் குவியலைச் சுற்றி இரவெல்லாம் கும்மியடிக்கிறார்கள். விடிந்ததும் தேர் கிளம்புகிறது. தேர் போய்ச் சேரும் பந்தலடியில், அரவானுக்காக அழும் அழுகளம். தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைப் புடவையோடு ஊர் திரும்புகிறார்கள்.

இந்தக் கல்யாணத்துக்கு வரும் மணப்பெண்ணுக்குத் தலை சாய்க்க நியாயமான வாடகையில் ஓர் அறை கிடைப்பதில்லை. ஒதுங்குவதற்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை. கோயிலிலிருந்து பேருந்து நிற்கும் இடம் வரை இருட்டில் நடந்தால், மேலே கை படாமல் போய்ச் சேர முடிவதில்லை. ஆண்டுதோறும் திருநங்கைகள் இதைச் சொல்கிறார்கள், ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் வருகிறது, ஆண்டுதோறும் தேர் நிலைக்கு வந்ததும் மறந்துவிடுகிறோம். இந்த மறதியை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அரவான் கதை நம் வீட்டுப் பாட்டிகள் சொன்ன கதைதான். பாரதப் போரில் வெல்ல, சகல லட்சணமும் பொருந்திய ஒருவன் களப்பலியாக வேண்டும். அர்ச்சுனனுக்கும் நாகக் கன்னிக்கும் பிறந்த அரவான் சம்மதிக்கிறான். சாவதற்கு முன் ஒரே ஓர் இரவு மண வாழ்வு வேண்டும் என்று கேட்கிறான். மறுநாள் தாலியறுக்க வேண்டிய கல்யாணத்துக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து மாலையிட்டான். ஆணாகப் பிறந்து பெண்ணாக வாழ்கிறவர்கள் அந்த மோகினியில் தங்களைக் கண்டார்கள். கொத்தட்டை, பிள்ளையார்குப்பம் என்று கூத்தாண்டவர் வழிபாடு நடக்கும் ஊர்கள் வேறு இருந்தும் கூவாகமே அவர்களுக்குத் தாய்வீடாயிற்று. பெற்ற வீடு துரத்தியவர்கள், பள்ளிக்கூடம் கேலி செய்து விரட்டியவர்கள், பெயர் சொல்லி அழைக்க ஆளில்லாதவர்கள் ஆண்டில் ஓர் இரவு இங்கே மணப்பெண் ஆனார்கள். ஜமாத் என்னும் அவர்களது குடும்பங்களின் தாய்மாரும் மகள்களும் கூடிக்கொண்டார்கள். மறுநாள் அழுகளத்தில் அவர்கள் அழும் அழுகை அரவானுக்கு மட்டுமானது அல்ல. ஓராண்டு முழுவதும் எவர் முன்னும் அழ முடியாததை அங்கே அழுது தீர்க்கிறார்கள்.

கிராம மக்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாகை வார்த்தல் என்னும் கூழ் ஊற்றும் சடங்கில் தொடங்கி, அரவான் திருமேனி எழுவது வரை அக்கம்பக்கத்துக் கிராமங்கள் கூடித்தான் இந்தத் திருவிழாவை நடத்துகின்றன. நேர்ந்துகொண்ட உள்ளூர் ஆண்களும் சிறுவர்களும் திருநங்கைகளோடு வரிசையில் நின்று தாலி கட்டிக்கொள்கிறார்கள். மாநகரங்கள் பேசக் கூசியதை இந்த உழவர்களின் ஊர்கள் சாமி காரியமாக ஏற்றுக்கொண்டன. நம் கண்டனம் அவர்கள் மீதல்ல. அவர்கள் காத்த இடத்தைக் காசாக்கியவர்கள் மீதும், அதைக் கைகட்டி வேடிக்கை பார்க்கும் அரசு அலுவலகங்கள் மீதும்தான்.

முதல் குற்றம் தங்கும் அறை. கூவாகத்தில் தங்குவதற்கு இடம் இல்லாததால் பெரும்பாலோர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியுள்ள விழுப்புரத்தில்தான் தங்குகிறார்கள். திருவிழா வாரத்தில் அங்குள்ள லாட்ஜ்களில் வாடகை பல மடங்கு ஏறுகிறது. பணத்தோடு போனாலும் சில இடங்களில் முகத்தைப் பார்த்ததும் அறை இல்லை என்கிறார்கள். அன்று அரவானுக்குப் பெண் கொடுக்க ஆளில்லை, இன்று அவன் மணப்பெண்ணுக்கு அறை கொடுக்க ஆளில்லை. கடை கடையாகக் கையேந்திச் சேர்த்த பணத்தில் வருகிறவர்கள் இவர்களில் பலர். ஏழைத் திருநங்கை பேருந்து நிலையத்திலும் வயல் வரப்பிலும் இரவைக் கழிக்க, அவரை வேடிக்கை பார்க்க வந்தவர் மின்விசிறிக்கடியில் தூங்குகிறார்.

இரண்டாவது குற்றம் அந்த வேடிக்கை. தாலி கட்டும் இரவில் கூவாகத்துக்கு வரும் ஆண்கள் கூட்டத்தில் சாமி கும்பிட வருகிறவர் உண்டு, நட்போடு வருகிறவர் உண்டு. ஆனால் குடித்துவிட்டு, 'இன்றைக்கு எதுவும் செய்யலாம்' என்ற நினைப்போடு வண்டி ஏறுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். தொட்டு இழுப்பது, துரத்துவது, மறுத்தால் அடிப்பது வரை போகிறது. 'அவர்களிலேயே சிலர் அந்தத் தொழில்தானே செய்கிறார்கள்' என்று இதற்குச் சப்பைக்கட்டு கட்டுகிறவர்களுக்கு ஒரு கேள்வி. வேலை கேட்டு வந்தவருக்கு வேலை கொடுத்தோமா? வீடு கேட்டு வந்தவருக்கு வீடு கொடுத்தோமா? எல்லாக் கதவையும் அடைத்துவிட்டு, மிஞ்சிய ஒரு கதவைக் காட்டி ஏசுவது எந்த ஊர் நியாயம்? யார் என்ன தொழில் செய்தாலும், சம்மதமில்லாமல் தொடுவது குற்றம்.

மூன்றாவது குற்றம் கேமரா. பந்தலடியில் ஒருவர் நெஞ்சிலடித்து அழும்போது முகத்துக்கு அரையடி தூரத்தில் செல்போனை நீட்டுகிறார்கள். நம் வீட்டில் தாலி அறுக்கும் சடங்கை எவராவது இப்படிப் படமெடுத்தால் பொறுப்போமா? இதில் பத்திரிகைத் துறைக்கும் பங்குண்டு, மறைக்க மாட்டோம். ஆண்டு முழுவதும் திருநங்கைகளின் வேலை, வீடு, கல்வி பற்றி ஒரு பத்தி எழுதாத ஏடுகள்கூடச் சித்திரையில் பக்கம் பக்கமாக வண்ணப் படம் போடுகின்றன. விழுப்புரத்தில் நடக்கும் 'மிஸ் கூவாகம்' அழகிப் போட்டியைத் தங்கள் தன்மானத்துக்கான மேடையாகவே திருநங்கைகள் வளர்த்தெடுத்தார்கள். அந்த மேடைக்கு முன் திரளும் கேமராக்களில் ஒன்றாவது, மறுநாள் கழிப்பறை இல்லாத திடலின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எழுத்தாளர் சு. சமுத்திரம் 1990-களில் 'வாடாமல்லி' நாவலில் இந்த வாழ்வை எழுதினார். பிறகு திருநங்கைகளான ரேவதியும் லிவிங் ஸ்மைல் வித்யாவும் தங்கள் வாழ்வைத் தாங்களே எழுதினார்கள். அவர்கள் பேசிய பிறகும் நாம் படம் மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது வெட்கக்கேடு.

ஒதுக்கப்பட்டவர்களின் இடம் கைமாறிப்போவது உலகில் கூவாகத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜ் பகுதியில், 1969 ஜூன் 28 அதிகாலை ஸ்டோன்வால் மதுக்கூடத்தில் போலீஸ் சோதனையை எதிர்த்து நின்றவர்களில் திருநங்கைகளும் வீடற்ற இளைஞர்களும் இருந்தார்கள். ஊர் ஒதுக்கியவர்களின் புகலிடமாக இருந்த அந்தப் பகுதி இன்று அந்நகரில் வாடகை மிக அதிகமான இடங்களில் ஒன்று. அன்று எதிர்த்து நின்றவர்களைப் போன்றோர் இன்று அங்கே குடியிருக்க முடியாது. 2016-இல் ஸ்டோன்வால் தேசிய நினைவுச் சின்னமானது. 2025 பிப்ரவரியில் அதற்கான அரசு இணையதளத்திலிருந்து திருநர் என்ற சொல்லே நீக்கப்பட்டது. முதலில் வாடகை ஏறும், பிறகு கூட்டம் மாறும், கடைசியில் பெயரும் அழியும். கூவாகம் முதல் இரண்டு படிகளைத் தாண்டிவிட்டது. அதனால்தான் இப்போதே சொல்கிறோம்.

சட்டம் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இந்தியாவிலேயே முதன்முறையாக 2008 ஏப்ரல் 15-இல் திருநங்கைகளுக்கென நலவாரியம் அமைத்தது தமிழகம். அதற்கு வைத்த 'அரவாணிகள்' என்ற பெயரே கூவாகத்துச் சாமியிடமிருந்து வந்தது. 2014-இல் அதே ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்துத் தீர்ப்பளித்தது. இந்து திருமணச் சட்டம் சொல்லும் 'மணப்பெண்' என்பதில் திருநங்கையும் அடக்கம் என்று 2019-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொன்னது. அதே ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான சேவைகளிலும் வசதிகளிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. பொது இடத்தில் நுழைய விடாமல் தடுப்பதும், உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ துன்புறுத்துவதும் அச்சட்டப்படி குற்றம். சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவுகளைத் தொடர்ந்து, திருநங்கைகள் உள்ளிட்ட பால் புதுமையினரையும் அவர்களுக்காகப் பணியாற்றுவோரையும் போலீஸார் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்க்கப்பட்டது. ஏட்டில் இவ்வளவும் இருக்கிறது. விழுப்புரத்து லாட்ஜின் மேசைக்கும் கூவாகத்துத் திடலுக்கும் இதில் ஒரு வரிகூட வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை? ஒரு காரணம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. கூவாகம் இந்தப் பக்கம் வந்தது, அதன் தங்குமிடங்கள் அந்தப் பக்கமே நின்றன. கல்யாணம் ஓர் ஆட்சியரின் எல்லையில், கல்யாணப் பெண் தங்குவது இன்னோர் ஆட்சியரின் எல்லையில். காவல் கண்காணிப்பாளரும் இருவர். கோயில் காரியம் அறநிலையத் துறையின் பாடு, நலத்திட்டம் சமூக நலத் துறையின் பாடு. இத்தனை பேரில் எவரைக் கேட்டாலும் பொறுப்பு அடுத்தவரிடம் இருக்கிறது.

சிறப்புப் பேருந்து விடுகிறோம், போலீஸ் பந்தோபஸ்து போடுகிறோம் என்று அதிகாரிகள் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் கூட்டத்தை ஒழுங்குபடுத்துவது வேறு, கூட்டத்தில் நிற்கும் ஒருத்தியைப் பாதுகாப்பது வேறு. கொரோனாவால் 2020, 2021 ஆண்டுகளில் திருவிழா நின்றது. அந்த இரண்டு ஆண்டுகளும் திடலை நிரந்தர வசதிகளோடு சீர்படுத்தக் கிடைத்த அவகாசம். அதையும் வீணாக்கினோம்.

இரவில் நடப்பதைக் கண்டும் காணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மாவட்டம் அறியும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெண்களும் இருந்தார்கள், ஒரு திருநங்கையும் இருந்தார். அதன் பிறகு இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையின் ஓடைகளில் சாராய ஊறல் தேடிப் பெரும்படை கிளம்பியது. அங்குள்ள மலைவாழ் மக்களுக்குச் சாலையும் பிழைப்பும் ஏன் இல்லை என்று உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டதும் அதன் பிறகுதான். பிணம் விழுந்த பிறகு விழித்துக்கொள்வது நிர்வாகம் ஆகாது. கூவாகத்திலும் ஓர் உயிர் போகட்டும் என்றா காத்திருக்கிறோம்?

எனவே தமிழக அரசிடமும் இரண்டு மாவட்ட நிர்வாகங்களிடமும் நாம் கேட்பது இவை.

ஒன்று, திருவிழாவின் எல்லா நாட்களுக்கும் இரு மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பொறுப்பு அதிகாரி ஒருவரை அரசாணை மூலம் நியமிக்க வேண்டும்.

இரண்டு, லாட்ஜ் வாடகைக்கு உச்சவரம்பு விதித்து வாசலில் பலகையாகத் தொங்கவிட வேண்டும். முகம் பார்த்து அறை மறுப்பவர் மீது 2019 சட்டத்தின்கீழ் வழக்குப் போட வேண்டும். கையில் காசில்லாதவர்களுக்குப் பள்ளிகளையும் மண்டபங்களையும் திறந்துவிட வேண்டும்.

மூன்று, கூவாகம் திடலிலும் பந்தலடியிலும் நிரந்தரக் கழிப்பறை, குளியலறை, உடை மாற்றும் அறை, குடிநீர், தெருவிளக்கு அமைக்க வேண்டும். அடுத்த கொடியேற்றத்துக்கு முன்பே முடிக்க வேண்டும்.

நான்கு, தாலி கட்டும் இரவில் சுற்றுவட்டார மதுக்கடைகளை மூட வேண்டும். பெண் போலீஸாரும் திருநங்கைப் போலீஸாரும் உள்ள புகார் மையம் திடலிலேயே இருக்க வேண்டும். வந்த புகார் எத்தனை, பதிந்த வழக்கு எத்தனை என்பதை விழா முடிந்த ஒரு மாதத்துக்குள் வெளியிட வேண்டும்.

ஐந்து, அழுகளத்தில் சம்மதமின்றிப் படம் எடுப்பதைத் தடுக்க வேண்டும். பத்திரிகையாளர்களுக்கும் அதே விதிதான்.

ஆறு, திருவிழா ஏற்பாட்டுக் கூட்டங்களில் திருநங்கைப் பிரதிநிதிகளும் கிராமப் பெரியவர்களும் சம உரிமையோடு அமர வேண்டும். மணப்பெண்ணைக் கேட்காமல் கல்யாண ஏற்பாடு செய்யும் வழக்கம் எந்த நல்ல வீட்டிலும் இல்லை.

இவற்றில் ஒன்றுகூடப் பெரும்பணம் கேட்பதல்ல. ஓர் உத்தரவும் ஒரு பொறுப்பாளரும் ஓராண்டு வேலையும் போதும். மனம்தான் வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு சொல். அடுத்த சித்திரையில் கூவாகம் போக நினைப்பவர்கள் விருந்தாளியாகப் போங்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் எப்படி நடந்துகொள்வாரோ அப்படி நடந்துகொள்ளுங்கள். செல்போனைச் சட்டைப் பையில் வையுங்கள். பக்கத்தில் ஒருவன் கை நீட்டினால் அந்தக் கையைப் பிடியுங்கள். ஆண்டின் மற்ற இரவுகளையெல்லாம் அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டோம். மிச்சமிருக்கும் இந்த ஓர் இரவு அவர்களுடையது.