அறிஞருக்கு ஓர் இல்லம்

ஆளுக்கு ஒரு வெள்ளி தாருங்கள் என்று தமிழவேள் கோ. சாரங்கபாணி அவர்கள் 'தமிழ் முரசு' வாயிலாக விடுத்த வேண்டுகோளுக்குச் செவிசாய்த்து, விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரக் காட்டுக்குள் நுழைந்த தோட்டத் தொழிலாளர்கள், தங்கள் சொற்பக் கூலியிலிருந்து 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஈந்த காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் அமையவிருந்த இந்திய ஆய்வியல் துறையிலே சமஸ்கிருதத்துக்கே பிரதான ஸ்தானம் வேண்டுமென்று பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஆலோசனை கூற, அது தமிழுக்கே உரிய இடமென்று வாதாடி வென்றது அந்த மக்களின் கிளர்ச்சி. 1956இல் சிங்கையில் தோன்றிப் பின்னர்க் கோலாலம்பூருக்குப் பெயர்ந்த அத்துறைக்கு 1961இல் தலைமையேற்க வந்த தனிநாயக அடிகளார், 1966 ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டை அங்கேயே கூட்டினார். ஒரு வெள்ளி இட்ட விதை பத்தே ஆண்டுகளில் அவ்வளவு பெரிய விருட்சமாயிற்று.

அதற்குப் பின் 1987இலும் 2015இலும் அதே மகாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தினோம். பந்தலிட்டோம், மலர் வெளியிட்டோம், வந்தவர்க்கெல்லாம் பொன்னாடை போர்த்தினோம். அவற்றைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆயினும் மூன்று நாள் மகாநாட்டில் இருபது நிமிஷம் வாசிக்கப்படும் கட்டுரைக்குப் பின்னே மூன்று வருஷ உழைப்பு இருந்தாக வேண்டும். அந்த உழைப்புக்கான அவகாசத்தை நம் அறிஞர்களுக்கு நாம் என்றேனும் அளித்ததுண்டா? இளைஞர்க்கு உபகாரச் சம்பளம் இருக்கிறது, முதியோர்க்கு விருது இருக்கிறது. இடையிலே, வித்தை முதிர்ந்து, கேட்க வேண்டிய கேள்வி இன்னதென்று தெளிந்து, நூலை எழுதி முடிக்க ஓராண்டுக் காலம் மட்டுமே வேண்டி நிற்கும் ஐம்பது அறுபது வயதுப் பேராசிரியருக்கும் ஆசிரியருக்கும் நம் சமூகத்தில் எந்த ஏற்பாடும் இல்லை. உலகின் பிற பகுதிகளில் 'உறைவிட ஆய்வு நல்கை' என்று வழங்கும் ஏற்பாடு இத்தகையோர்க்கானதே: தங்க ஓர் இல்லம், அருகில் ஒரு நூலகம், குடும்பத்தைத் தாங்கும் அளவுக்கு ஊதியம்; வகுப்பில்லை, விடைத்தாளில்லை, நிருவாகக் கூட்டமில்லை.

இது நமக்குப் புதிதான விஷயமும் அன்று. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் ஆதீன வித்துவானாக வீற்றிருந்ததும், அவரிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர் அம்மடத்தின் ஆதரவிலே வளர்ந்ததும் வேறென்ன? ஊணும் உறையுளும் தந்து, சுவடிகளும் சக வித்துவான்களும் சூழ்ந்திருக்கச் செய்த அந்த மடம், அந்நாளில் தமிழ்நாட்டின் உயர் ஆய்வு நிலையமாகவே விளங்கியது. ஆனால் அதே பிள்ளையவர்கள், அன்பர்கள் கேட்ட தலங்களுக்கெல்லாம் புராணம் பாடிக் கொடுத்ததிலே தம் அபாரமான கவித்துவத்தின் பெரும்பகுதியைச் செலவிட்டார் என்பதை எண்ணும்போது என் மனம் வருந்துகிறது. ஆகையால் பொருளைப் புரவலர் குறிப்பது பழைய முறையானால், அறிஞரே தெரிந்துகொள்வது நாம் காணவேண்டிய முறை. இந்த ஒரு நிபந்தனையை மட்டும் எக்காரணத்தாலும் தளர்த்தலாகாது.

ஐயரவர்களின் வாழ்க்கை இன்னொன்றையும் காட்டுகிறது. 1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்தவரால், வகுப்பு நடத்தி எஞ்சிய நேரத்திலே உழைத்து, சீவக சிந்தாமணியை 1887இல்தான் வெளியிட முடிந்தது. 1919இல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னரே பெருங்கதையும் குறுந்தொகையும் அவர் பதிப்பில் வந்தன. குறுந்தொகை வெளிவந்த 1937இல் அவர் பிராயம் எண்பத்திரண்டு. எல்லார்க்கும் அத்தகைய ஆயுள் வாய்க்காது.

அறிஞர் இல்லத்துக்கு அண்மைக் கால உதாரணமும் உண்டு. சிம்லாவில் ஆங்கில வைசிராய்களுக்காக 1888இல் எழுந்த மாளிகை, சுதந்திர இந்தியாவில் ராஷ்டிரபதியின் கோடை வாசஸ்தலமாக இருந்ததை, டாக்டர் ராதாகிருஷ்ணன் அறிஞர்களுக்கென்று ஒப்புவித்தார். 1965 அக்டோபரில் அங்கே உயர் ஆய்வு நிறுவனம் திறக்கப்பெற்றது. தத்துவம், சரித்திரம், இலக்கியம் ஆகியவற்றில் தேர்ந்தோர் இன்றும் அங்கே தங்கி எழுதுகிறார்கள். நமக்கு மாளிகை வேண்டாம். ஜொகூரில் நாலைந்து அறைகள் கொண்ட ஒரு வீடு போதும்.

ஏன் ஜொகூர் என்று வடக்கே இருப்போர் கேட்கக்கூடும். குளுவாங், கூலாய், சிகாமாட், மூவார் என்று இம்மாநிலம் முழுவதும் ரப்பர்த் தோட்டங்களில் தமிழர் வாழ்ந்த வாழ்க்கை, செம்பனை வந்தும் வீடமைப்பு வந்தும் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கிறது. லயங்கள் என்னும் தொழிலாளர் வரிசைவீடுகள் இடிந்தன, தோட்டக் கணக்கர்களான கிராணிமார் எழுதிய செக்ரோல் என்னும் கூலிப் பதிவேடுகள் கறையானுக்கு இரையாயின, தாலாட்டும் ஒப்பாரியும் அறிந்த பாட்டிமார் ஒவ்வொருவராய் மறைகிறார்கள். மறுபுறம், கடற்பாலத்தைக் கடந்தால் சிங்கைத் தேசிய நூலகம். 1887இல் வெளிவரத் தொடங்கிய 'சிங்கை நேசன்' முதல் 'தமிழ் முரசு' வரை பழைய ஏடுகளை அங்கே காணலாம். ஒரு நாள் அந்நூலகத்திலும் மறுநாள் ஏதேனும் ஒரு தோட்டத்துக் கோயில் திண்ணையிலும் அமர்ந்து ஆராயும் வாய்ப்பு வேறெங்கே கிட்டும்? ஸ்கூடாயில் சீன சமூகத்தார் தங்கள் நன்கொடையால் 1990இல் நிறுவிய தென்கல்லூரி, இன்று பல்கலைக்கழகக் கல்லூரியாக உயர்ந்து, மலேசியச் சீன இலக்கியத்துக்கென்று தனி நூற்சேகரத்தைப் பேணிவருகிறது. அண்டை வீட்டார் செய்ததை நாம் செய்ய இயலாதென்பதற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

பொருளுக்கு எங்கே போவதென்ற கேள்விக்கும் நம் சரித்திரத்திலேயே விடையிருக்கிறது. பெருந்தோட்டங்களைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்து தவித்தபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளி வீதம் திரட்டித் தோட்டங்களையே வாங்கிக் காட்டினார். அத்தகைய பெருமுயற்சி இதற்கு வேண்டியதில்லை. ஜொகூர் பாருவின் வசதிமிக்க ஆலயங்களும் வர்த்தகர்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஓர் அறக்கட்டளையாகக் கூடி, அறிஞரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைக் கொடையாளர் கையில் விடாமல், கற்றோர் குழு ஒன்றிடம் ஒப்படைத்தால், வருஷத்துக்கு இருவரை அழைக்கலாம்: ஒருவர் நம் நாட்டவர், மற்றவர் யாழ்ப்பாணத்திலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வருபவர்.

முதலில் யாரை அழைப்பதென்று என்னைக் கேட்டால், கூலாய்ப் பக்கத்திலுள்ள ஒரு முதிய தமிழாசிரியரைச் சொல்வேன். முப்பது வருஷமாகத் தோட்டந்தோட்டமாய்ச் சென்று பாடல்களையும் பேச்சு வழக்குகளையும் எழுதி வைத்த நாற்பதுக்கு மேற்பட்ட நோட்டுப் புத்தகங்களை, ஒரு தகரப் பெட்டியில் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார். சென்ற மழைக்காலத்தில் வெள்ளம் வீட்டுப் படியேறியபோது, அவர் முதலில் தூக்கி மேசைமேல் வைத்தது அந்தப் பெட்டியைத்தான்.